பூசி மெழுகாத வீடு

திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? அனந்தசயனப் பெருமாளைச் சேவிக்கிறார்கள். குழந்தைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போகிறார்கள். கோவளத்தில் கால் நனைத்துக் கொள்கிறார்கள். சாலைக் கடைத்தெருவில் நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் நேயர்களில் யாராவது வீடு கட்ட உத்தேசித்திருந்தால் அவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் அந்த ஊருக்குப் போய் வாருங்கள். எதற்கு என்கிறீர்களா? செங்கல் பார்க்க!

"செங்கல் பார்க்க ஊர் விட்டு ஊர் போவார்களா?" என்று நீங்கள் சிரிக்கலாம். என் மைத்துனரும் அப்படித்தான் சிரித்தார். நாகர்கோவிலில் அவருக்கு ஐந்து சென்ட் மனை இருக்கிறது. வங்கிக் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. இஞ்சினீயர் போட்டுக் கொடுத்த பிளானும் கையில் இருக்கிறது. கைபேசியில் நூறு படங்கள் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் 'இயற்கையான வீடு'களின் படங்கள். மரம், கல், மண் நிறம், வெறிச்சென்ற கூடம், நடுவே ஒரே ஒரு நாற்காலி, அதன் பக்கத்தில் ஒரு தொட்டிச் செடி. பார்க்க ரம்மியமாகத்தான் இருந்தது.

"இதோ பாருங்கள் அத்தான், இந்தச் சுவர் அப்படியே செங்கலாகவே தெரியும்" என்று ஒரு படத்தைக் காட்டினார்.

"செங்கலைப் பூசாமல் விட்டுவிடுவார்களா?"

"இல்லையில்லை. முதலில் பூசுவார்கள். பட்டி பார்ப்பார்கள். அதற்கு மேலே செங்கல் மாதிரி இருக்கிற மெல்லிய ஓட்டை ஒட்டுவார்கள்."

அதாவது, உள்ளே நிஜச் செங்கல். அதை மறைக்கச் சிமெண்டுப் பூச்சு. பூச்சை மறைக்கப் பொய்ச் செங்கல்! மரம் போலத் தெரிந்தது மரம் அல்ல, மரத்தின் படம் அச்சிட்ட பலகை. கூரையில் கான்கிரீட்டை மறைக்க ஜிப்சத்தில் பொய்க்கூரை. இயற்கைக்கு இவ்வளவு வேஷமா என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. மைத்துனர் வீடு கட்டும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது மாப்பிள்ளைக்கு அழகு.

ஆனால் பிளானைப் பார்த்தபோது சும்மா இருக்க முடியவில்லை. கீழ்த்தளத்தில் என் மாமியாருக்கு என்று முதலில் ஓர் அறை போட்டிருந்தார்கள். முன்பக்க எடுப்புக்கும், இரண்டு மாடி உயரக் கூடத்துக்கும், ஒட்டுச் செங்கலுக்கும் பணம் போகப் போக, அந்த அறை பத்துக்கு எட்டாகச் சுருங்கியது. கடைசியில் அது மாடிக்கே ஏறிவிட்டது! மாமியாரோ முழங்கால் வலிக்காரர். அறை மாடிக்கு ஏறலாம். அவர் எப்படி ஏறுவார்?

"லிஃப்ட் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம்" என்றார் மைத்துனர். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் விஷயம் இருந்தது. நாங்கள் மூவரும் திருவனந்தபுரம் புறப்பட்டது அதற்குப் பிறகுதான்.

நாகர்கோவிலிலிருந்து மேற்கே போகும் சாலையில் தக்கலை. அங்கிருந்து சிறிது தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரைக்கும் இதுதான் தலைநகரம். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, ஊர் நமக்கு வந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதுவும் நல்லதற்குத்தான், ஏனென்றால் அந்த வீட்டைக் காலால்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தரை கன்னங்கரேலென்று, எண்ணெய் தடவினாற்போல் மின்னுகிறது. உள்ளங்காலில் ஜிலுஜிலுவென்று குளிர்ச்சி. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளை எல்லாம் கலந்து இழைத்து இழைத்துப் போட்ட தரை என்று சொல்கிறார்கள். ராஜா மந்திரிகளோடு ஆலோசனை செய்த மந்திரசாலையில் உட்கார்ந்து பார்த்தால், மரச் சட்டங்களின் இடுக்கு வழியாகக் காற்று வருகிறது, வெயில் வரவில்லை. சரிந்து இறங்கிய ஓட்டுக் கூரை சுவரை மழையிலிருந்து காக்கிறது. தூண் மரம் மரமாகவே இருக்கிறது. கல் கல்லாகவே இருக்கிறது. ராஜாவின் வீடுதான். ஆனாலும் நம் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் சாமான்களில் பாதிகூட இங்கே கிடையாது.

"வெறிச்சென்று இருக்கிறதே, ஆனாலும் வீடு மாதிரிதான் இருக்கிறது" என்றார் மைத்துனரின் மனைவி. அவர் அன்றைக்குச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

"இது ராஜா கட்டினது. தேக்கும் ஆசாரியும் அவர் கைவசம் இருந்தார்கள். நமக்கு முடியுமா?" என்றார் மைத்துனர். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகப் போனால், திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது.

தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டி, செக்கச்செவேலென்று உருண்டையாக ஒரு கட்டடம் நிற்கும். ஒழுங்காக ஓட்டை போட்டுச் சுருட்டி வைத்த பனையோலைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதுதான் இந்தியன் காப்பி ஹவுஸ். தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் ஹோட்டல் அது. உள்ளே மாடிப்படி கிடையாது. தனித்தனி மாடியும் கிடையாது. நுழைந்ததும் தரையே சாய்தளமாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேஜைகள், பெஞ்சுகள். எல்லாம் கொத்தனார் கட்டியவை. தச்சர் செய்தவை அல்ல. ஆகவே ஆடாது, உடையாது, யாரும் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது! சுவரில் வரிசை வரிசையாகச் செங்கல் விட்டுக் கட்டிய சதுர ஓட்டைகள். அவற்றின் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. வெள்ளை உடையும் விசிறித் தலைப்பாகையும் அணிந்த பரிசாரகர், கையில் தட்டுடன் அந்தச் சரிவில் சர்வசாதாரணமாக ஏறி வருகிறார்.

பீட்ரூட் போட்ட மசால் தோசையையும் காப்பியையும் வரவழைத்துவிட்டு, அந்தக் கட்டடத்தைக் கட்டிய மனிதரின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். நேயர்களும் கேட்க வேண்டிய கதைதான்.

அவர் பெயர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர். கட்டடக் கலை படித்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது துப்பாக்கி தூக்க மறுக்கும் குவேக்கர் சமயத்தாரோடு சேர்ந்து, சீனாவில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்யப் போனார். திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது மகாத்மா காந்தியைச் சந்திக்கும் பாக்கியம் கிடைத்தது. பேக்கரின் காலில் இருந்தது, சீனாவில் கிழிசல் துணியைக் கொண்டு செய்த செருப்பு. காந்திஜியின் கண் அதன்மேல் விழுந்தது, பேச்சு தொடங்கியது. லட்சியக் கிராமத்தில் லட்சிய வீடு எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? அந்த இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டியதாக இருக்க வேண்டும். இதுதான் காந்திஜி சொன்னது. கட்டடக் கல்லூரியில் சொல்லித் தராத அந்த ஒரு வாக்கியம் பேக்கரைப் பிடித்துக்கொண்டது.

1945-ல் தொழுநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிகள் கட்டும் பணியில் இந்தியா வந்தார். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிஸபெத்தை 1948-ல் மணந்துகொண்டார். இமயமலைச் சாரலில் பித்தோராகர் என்ற இடத்தில் இருவரும் பதினாறு வருஷம் வைத்தியம் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அங்கேதான் பேக்கருக்கு இரண்டாவது பள்ளிக்கூடம். மலைவாசிகள் கிடைத்த கல்லையும் மண்ணையும் வைத்துக் குளிருக்கு அடக்கமாக வீடு கட்டுவதைப் பார்த்தார். 'இவர்களுக்குக் கற்பிக்க நான் வரவில்லை; கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்' என்ற எண்ணம் அங்கே உண்டாயிற்று. பிறகு கேரளத்துக்கு வந்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் நாலாஞ்சிறை என்ற மேட்டுப் பகுதியில் பாறைச் சரிவில் தம் வீட்டைக் கட்டிக்கொண்டார். பிற்பாடு இந்தியப் பிரஜையானார். 1990-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007 ஏப்ரல் முதல் தேதி அதே ஊரில், தம்முடைய தொண்ணூறாவது வயதில் காலமானார். அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர் கட்டிய வீடுகள் எத்தனையோ. குடிசைவாசிகளுக்காக நகரின் நடுவிலேயே அவர் கட்டிய குடியிருப்பு இருக்கும் இடத்தின் பெயர் என்ன தெரியுமா? செங்கல்சூளை!

"அப்படியானால் இது ஏழைகளுக்கான வீடு" என்றார் மைத்துனர்.

"அடுத்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், மாப்பிள்ளை" என்றேன்.

அடுத்த இடம் உள்ளூர். 'எந்த உள்ளூர்?' என்று கேட்காதீர்கள். திருவனந்தபுரத்தில் ஒரு பகுதிக்குப் பெயரே உள்ளூர்தான். உள்ளூர்ப் பொருளைக் கொண்டு கட்டிய கட்டடங்கள் உள்ளூரில் இருப்பது எவ்வளவு பொருத்தம்! அங்கே மரங்கள் அடர்ந்த ஒரு குன்றின்மேல், ஏறக்குறைய பத்து ஏக்கரில், வளர்ச்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பொருளாதார மேதை கே. என். ராஜ் நிறுவிய ஸ்தாபனம். 1970-களின் தொடக்கத்தில் பேக்கர் இதைக் கட்ட ஆரம்பித்தார். பெரிய பெரிய பொருளாதார நிபுணர்கள் வந்து தங்குகிற இடம். ஆனால் பூசின சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அனுமதி பெற்று உள்ளே போனோம். நுழைந்தவுடன் மனசுக்குப் படுவது, கட்டடங்கள் மரங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பதுதான். மரம் குறுக்கே வந்தால் சுவர் வளைந்து போகிறது. மேடு வந்தால் படி ஏறுகிறது. மண்ணை வெட்டி மட்டப்படுத்தவில்லை. நடுவே வட்டமாக உயர்ந்து நிற்கிறது நூலகக் கோபுரம். கம்ப்யூட்டர்களுக்காகக் கட்டிய கட்டடத்துக்கு இரட்டைச் சுவர். வெளிச்சுவர் முழுவதும் ஓட்டை ஓட்டையாக நெளிந்து நெளிந்து போகிறது. வெயில் முதல் சுவரிலேயே தங்கிவிடும். உள்ளே வருவது நிழல்தான்.

மைத்துனர் சுவரைத் தட்டிப் பார்த்தார். அவர் கண் நிலைத்தது செங்கல் அடுக்கியிருக்கும் முறையில்தான். சாதாரணமாகக் கொத்தனார்கள் செங்கலைப் படுக்க வைத்து அடுக்குவார்கள் அல்லவா? இங்கே செங்கல்லை ஒருக்களித்து நிறுத்தி அடுக்குகிறார்கள். இரண்டு வரிசைக்கு நடுவே வெற்றிடம். குறுக்கே ஒரு செங்கல் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் எலிப்பொறி போல் இருப்பதால் இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலந்தான். ஆனால் நூறு செங்கல் போகிற இடத்தில் ஏறக்குறைய எழுபத்தைந்து போதும். சாந்தும் மிச்சம். நடுவில் அடைபட்ட காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாது. எலி அகப்படுகிறதோ இல்லையோ, சூடு அகப்பட்டுக்கொள்கிறது!

அண்ணாந்து பார்த்தால் கூரையிலும் ஒரு சூட்சுமம். கான்கிரீட் தளத்தின் அடிப்புறத்தில் கட்டம் கட்டமாக மங்களூர் ஓடுகள் பதிந்திருக்கின்றன. இது அழகுக்காக மட்டும் அல்ல. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பிதான். தளத்தின் அடிப்பாதியில் இருக்கிற கான்கிரீட்டில் பெரும்பகுதி சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே, விலை போகாத பழைய ஓட்டை வைத்துவிட்டால் சிமெண்டு மிச்சம்; தளத்தின் கனமும் குறைவு. ஆனால் இது இஞ்சினீயர் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய காரியம். நாமாக ஓட்டைச் செருகிவிடக் கூடாது.

இப்போது விஷயம் விளங்கியிருக்கும். பேக்கர் சுவரை அழகுபடுத்தவில்லை. ஒவ்வொரு பொருளையும் பார்த்து, 'நீ இல்லாவிட்டால் என்ன?' என்று கேட்டார். பூச்சு இல்லாவிட்டால் என்ன? நிலை இல்லாமல் கதவைச் சுவரிலேயே மாட்டினால் என்ன? வாசலுக்கு மேலே கான்கிரீட் உத்தரத்துக்குப் பதிலாகச் செங்கல் வளைவு போதாதா? கண்ணாடி சன்னலுக்கு, அது அடைக்கிற சுவரைவிடப் பல மடங்கு செலவு ஆகிறதே, வெளிச்சமும் காற்றும் மட்டும் வேண்டிய இடத்தில் ஓட்டைச் சுவர் போதாதா? சன்னல்தான் வேண்டுமென்றால், ஒரே பலகையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மேலும் கீழும் குழியில் பொருத்திச் சுழல விட்டால் போதுமே! இப்படி வேண்டாததை எல்லாம் கழித்த பிறகு எது மிஞ்சியதோ, அதுவே அழகாயிருந்தது. நம் படங்களில் வருகிற 'எளிமை'யோ, எல்லாவற்றையும் கூட்டிய பிறகு அதற்கு மேலே ஒட்டுகிற எளிமை.

ஆபீஸும் ஆராய்ச்சிசாலையும் சரி. குடும்பம் நடத்த முடியுமா என்ற கேள்வி மைத்துனரின் மனைவி முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதற்காகத்தான் மூன்றாவது இடம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார். பேக்கரும் அச்சுத மேனோன் முதலிய பெரியவர்களும் சேர்ந்து 1985-ல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பின் முறைப்படி, சுமார் முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு அவருடையது. பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் வீட்டைத் திறந்து காட்டினார்.

சிவப்புக் காவித் தரை, முகம் பார்க்கலாம் போல. சுவரோடு சேர்ந்த திண்ணை, அதன்மேல் மெத்தை; சோபா கிடையாது. சுவருக்குள்ளேயே மாடங்கள், அவற்றில் புத்தகங்கள். மாலை வெயில் ஓட்டைச் சுவர் வழியாக விழுந்து தரையில் கோலம் போட்டது. வீடு வெறிச்சென்று இல்லை, இதமாக இருந்தது. செங்கல்லின் நிறத்துக்கு அந்தக் குணம் உண்டு போலும்.

மைத்துனரின் மனைவி நேராகச் சமையற்கட்டுக்குப் போய்விட்டார். "டீச்சர், இந்த ஓட்டை வழியாகக் கொசு வராதா?" என்று ஆரம்பித்தார்.

"வரும் மோளே! வராமல் எங்கே போகும்? உள்பக்கம் வலை அடித்திருக்கிறேன் பார். வலையில் தூசி சேரும். மாதம் ஒரு தடவை துடைக்க வேண்டும். சிலந்தியும் கூடு கட்டும். அதற்குத் தெரியுமா இது பேக்கர் வீடு என்று?"

டீச்சர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சமையலறையிலும் குளியலறையிலும் எண்ணெயும் தண்ணீரும் படும் இடங்களைப் பூசி ஓடு பதித்திருக்கிறார். தென்மேற்குப் பருவமழை சாய்வாக அடிக்கிற பக்கத்தில் கூரையைத் தாராளமாக நீட்டி இறக்காவிட்டால் சுவர் ஈரம் காக்கும். எலிப்பொறிச் சுவரில் மின்சாரக் குழாய் எங்கே போக வேண்டும் என்பதைக் கட்டும்போதே தீர்மானித்துவிட வேண்டும். பிற்பாடு உளி வைத்தால் செங்கல் உடையும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொத்தனார் கைத்திறன் வேண்டும். பூசுகிற சுவரில் கோணல் மறைந்துவிடும். பூசாத சுவரில் கொத்தனாரின் சோம்பல் முப்பது வருஷம் கண்ணெதிரே நிற்கும்!

"வெள்ளையடித்தீர்களா?" என்று மைத்துனர் கேட்டார்.

"முப்பது வருஷத்தில் வெளிச்சுவருக்கு ஒரு டப்பா பெயிண்ட் வாங்கியதில்லை, சாரே" என்றார் டீச்சர். மைத்துனர் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

ஆனால் செங்கல் என்றால் எல்லாம் புண்ணியம் என்று நினைத்துவிடக் கூடாது. செங்கல்லுக்குக் களிமண் வேண்டும். களிமண் வயலிலிருந்து வருகிறது. சூளைக்கு விறகு வேண்டும். கேரளத்தில் வயல்களைக் காக்க 2008-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பேக்கருக்கும் இது தெரியும். சுடாத மண்ணே எல்லாவற்றிலும் உத்தமம் என்று எழுதி, மண் வீடு கட்டும் முறையை விளக்கத் தம் கையால் படம் போட்டு ஒரு சிறு புத்தகமே வெளியிட்டார். சிமெண்டும் இரும்பும் உண்டாக்க எவ்வளவு எரிபொருள் போகிறது என்பதை, ஊரில் யாரும் பேசாத காலத்திலேயே பேசியவர் அவர். ஆகவே 'செங்கல் கட்டு' என்பதல்ல அவருடைய உபதேசம். செங்கல்லோ, கல்லோ, மண்ணோ, கையில் இருப்பதைக் குறைவாக எடு, எடுத்ததை மறைக்காதே. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது காரில் கணக்கு ஆரம்பமாயிற்று. கணவன் வாசித்தார், மனைவி அடித்தார். ஒட்டுச் செங்கல் போயிற்று. பொய்க்கூரை போயிற்று. முன்பக்கச் சட்டங்களும் வளையங்களும் போயின. இரண்டு மாடி உயரக் கூடத்துக்கு வந்ததும் மைத்துனர் சற்றுத் தயங்கினார்.

"அது இருக்கட்டுமே. வருகிறவர்களுக்கு ஒரு மதிப்பு…"

"வருகிறவர்கள் ஒரு மணி நேரம் இருப்பார்கள். அத்தை தினமும் இருப்பாங்க" என்றார் அவர் மனைவி. குரல் உயரவில்லை. ஆனால் பென்சில் ஒரு கோடு போட்டது. மார்த்தாண்டம் பாலத்துக்கு வருவதற்குள் கீழ்த்தளத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் ஓர் அறையும், ஒட்டினாற்போல் குளியலறையும் முளைத்துவிட்டன. கடனில் ஒரு பகுதியை வாங்காமலே விட்டுவிடலாம் என்றும் தெரிந்தது.

அவர்கள் ஒன்றும் முழுக்கப் பேக்கர் வீடு கட்டப் போவதில்லை. நாகர்கோவில் இஞ்சினீயர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓடு பதித்த தளத்துக்குக் கணக்குப் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார். எலிப்பொறிக் கட்டு தெரிந்த கொத்தனார் ஒருவரைத் திருவனந்தபுரத்திலிருந்து முதல் மாதம் வரவழைத்து, உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பழக்கிக் கொடுக்க ஏற்பாடு. சன்னல்களில் பாதிக்குக் கண்ணாடி. பாதிக்கு ஓட்டைச் சுவர், வலையோடு.

சிக்கல் வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. விஷயத்தைக் கேட்ட என் மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. "சுவரைப் பூசாமல் விட்டால் ஊரில் என்ன சொல்லுவாங்க? பணம் இல்லாமல் பாதியில் நிறுத்திட்டான்னு சொல்ல மாட்டாங்களா? உங்க மாமா இருந்திருந்தால்…" என்று கண் கலங்கினார்.

இதை யாரும் லேசாக எண்ண வேண்டாம். நம் ஊர்களில் பூசாத சுவர் என்றால் முடியாத வீடு என்று அர்த்தம். முடியாத வீடு என்றால் முடியாத மனிதன் என்று அர்த்தம். எத்தனையோ குடும்பங்கள் தலைக்கு மேல் கடன் வாங்கிச் சுவரைப் பூசுவது மழைக்குப் பயந்து அல்ல. இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து. அதற்கு இஞ்சினீயரிடம் மருந்து கிடையாது.

மருமகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து டீச்சர் வீட்டுப் படங்களைக் காட்டினார். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் சாந்தை ஒழுங்காக வழித்துக் கோடு இழுத்தால், பாதியில் விட்ட வீடு போல் இருக்காது, நெய்த பாய் போல் இருக்கும் என்று காட்டினார். பிறகு பிளானை விரித்து, "அத்தை, இது உங்க அறை. கீழேயே" என்றார்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். சுவரைப் பற்றி அப்புறம் பேசவில்லை. "கட்டிலைச் சன்னல் பக்கமாகப் போடணும். தெருவில் யார் போறாங்கன்னு தெரியணும்" என்றார்.

நேயர்களே, திருவனந்தபுரத்துக்குப் போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. காந்திஜி சொன்ன அந்த ஐந்து மைலை உங்கள் மனையிலிருந்தே அளந்து பாருங்கள். காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு ஆத்தங்குடியில் கையால் வார்த்த பூக்கல் கிடைக்கும். சிலருக்குக் கருங்கல், சிலருக்கு நல்ல செம்மண், சிலருக்குப் பனங்கை, சிலருக்குப் பாட்டன் வீட்டை இடித்தபோது மிஞ்சிய கதவும் தூணும் கிடைக்கும். ஊருக்கு ஊர் வீடு மாறியிருந்ததற்கு இந்த ஐந்து மைல்தான் காரணம். அதில் உங்கள் பங்குக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். பிறகு பிளானை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, 'நீ இல்லாவிட்டால் என்ன?' என்று கேளுங்கள்.

பொருள்களைத்தான் அப்படிக் கேட்க வேண்டும். வீட்டில் இருக்கும் மனிதர்களை அல்ல. முதலில் அவர்களுக்கு ஓர் அறை போட்டுவிட்டு, அப்புறம் பென்சிலை எடுங்கள்.